உறை பிரிப்பான் பிசிரின்றி வெட்ட: குறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

கடைகளில் லெட்டர் ஓப்பனர் என்று கேட்டு வாங்கப்படும் உறை பிரிப்பானைக் கையால் செய்பவர்கள், அது சரியாக வெட்டவில்லை என்று கண்டதும் உடனே சாணைக்கல்லைத் தேடுகிறார்கள். பெரும்பாலான கோளாறுகளுக்குச் சாணை மருந்தாகாது. சில வேளைகளில் அதுவே புதிய கோளாறாகிவிடும். காய்கறிக் கத்தி வைத்த இடத்தில் வெட்ட வேண்டும். உறை பிரிப்பானோ மடிப்பில் மட்டுமே வெட்ட வேண்டும். உள்ளே இருக்கும் கடிதத்தையும், மடிப்புக்குச் சற்றுத் தள்ளி எழுதியிருக்கும் முகவரியையும், பிடித்திருக்கும் விரலையும் அது விட்டுவிட வேண்டும். உறையை மடித்த இடத்தில் தாளின் இழைகள் ஏற்கெனவே நொந்து கிடக்கின்றன. மெல்லிய, வழவழப்பான, நேரான விளிம்பு ஒன்று உள்ளிருந்து அந்த மடிப்பை விறைப்பாக நிறுத்திக்கொண்டு நகரும்போது, நொந்த இழைகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுபடுகின்றன. ஆகையால் விளிம்பு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதைவிட, அது நுனி முதல் அடி வரை ஒரே மெலிவாகவும் ஒரே வழவழப்பாகவும் இருக்கிறதா, அதற்குப் பின்னால் வரும் உடல் ஒடுக்கமாக இருக்கிறதா என்பவையே வெட்டின் தரத்தை முடிவு செய்கின்றன. கீழே சொல்லப்படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் இந்த வேலைக்குக் கைக்கெட்டும் பொருள்கள் ஒரு சிலவே: தோட்டங்களில் பிடுங்கிப் போடும் பழைய தேயிலைச் செடியின் கட்டை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பிச் செடியின் கட்டை, மூங்கில், நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக், கடையில் வாங்கும் பித்தளைத் தகடு, செடிகளைக் கழித்துவிடப் பயன்பட்டுத் தேய்ந்து ஒதுக்கப்பட்ட கவாத்துக் கத்தியின் எஃகு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு என்பதால், எந்தக் கோளாறு எந்தப் பொருளில் அதிகம் வரும் என்பதை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கத்தியைத் தொடுவதற்கு முன் தாளைப் பாருங்கள்

இயந்திரத்தில் தயாராகும் தாளில், தாள் ஓடிய திசையிலேயே பெரும்பாலான இழைகள் படுத்திருக்கும். அந்தத் திசையில் கிழித்தால் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலும் பிசிருமாகக் கிழியும். எனவே ஒரே உறையின் நீளப் பக்க மடிப்பையும் அகலப் பக்க மடிப்பையும் ஒரே கத்தியால், ஒரே வேகத்தில் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் பிசிராகவும் வந்தால், குறை பெரும்பாலும் தாளுடையது. இரண்டு பக்கமும் பிசிராக வந்தால்தான் கத்தியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும், ஆனி, ஆடியில் கூடலூர், தேவாலாப் பக்கமும், அலமாரிக்குள் வைத்த தாள்கூட நமத்துப்போகிறது. பசை தடவிய புது உறைகள் எவரும் நனைக்காமலேயே ஒட்டிக்கொள்கின்றன. நமத்த தாளில் மடிப்பு விறைப்பாக நிற்காது. அதை எந்தக் கத்தியால் பிரித்தாலும் ஓரம் பஞ்சு பஞ்சாகத்தான் வரும். சோதனைக்கான உறைகளை இறுக மூடும் தகர டப்பாவில், மருந்துப் புட்டிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சிலவற்றுடன் போட்டு வையுங்கள். சாதாரண வெள்ளை உறை, பழுப்பு கிராஃப்ட் உறை என இரு வகையும் டப்பாவில் இருக்கட்டும். கிராஃப்ட் தாளின் இழை நீளமானது, முரடானது. வெள்ளை உறையில் ஒளிந்துகொள்ளும் குறை அதில் உடனே வெளிப்பட்டுவிடும்.

வெட்டிய ஓரம் முழுவதும் பிசிராக இருக்கிறது

அதிகம் கேள்விப்படும் கோளாறு இதுதான். மரத்தில் செய்தவற்றில்தான் இது மிகுதி. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: விளிம்பு தடித்திருக்கிறது, விளிம்பில் மர இழை எழும்பி நிற்கிறது, அல்லது இழையோட்டம் விளிம்போடு ஒத்துப்போகவில்லை.

தடிமனைக் கண்டுபிடிப்பது எளிது. மேசை விளக்கின் கீழே விளிம்பை மேல்நோக்கிப் பிடித்துக் கண்ணுக்கு நேராகப் பாருங்கள். மெல்லிய விளிம்பு ஒரு கருங்கோடாகத் தெரியும். தடித்த விளிம்பு ஒளியை வாங்கி வெள்ளைப் பட்டையாக மின்னும். மரத்தில் விளிம்பின் தடிமன் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனைத் தாண்டக் கூடாது. அதற்காக அதைச் சவரக் கத்திபோல் ஆக்கிவிடவும் கூடாது. மரத்தில் அப்படிப்பட்ட விளிம்பு நான்கு உறைகளைத் தாங்காமல் பொரிந்துவிடும். முதுகு 4 மில்லிமீட்டரும் அகலம் 20 மில்லிமீட்டரும் உள்ள அலகை, அதாவது பிடி நீங்கலான வெட்டும் பகுதியை, முதுகிலிருந்து விளிம்பு வரை ஒரே சரிவாக இறக்கினால், இரு பக்கச் சரிவும் சேர்ந்த கோணம் சுமார் 11 டிகிரியாகும். அந்தச் சரிவு முடிகிற இடத்தில் மட்டும், கடைசி ஒரு மில்லிமீட்டருக்கு, 20 முதல் 25 டிகிரியில் ஒரு சிறு சரிவைச் சேர்த்துவிட்டால், மெலிவும் கிடைக்கும், விளிம்புக்கு உறுதியும் கிடைக்கும். இதைக் கையால் தேய்த்து எடுப்பதே நல்லது. கண்ணாடித் தகட்டின் மேல் 220 எண் உப்புத்தாளை விரித்து, அலகைச் சாய்த்துப் பிடித்து, இரு பக்கமும் மாறி மாறிச் சமமான எண்ணிக்கையில் இழுங்கள்.

தடிமன் சரியாக இருந்தும் பிசிர் நின்றபாடில்லை என்றால், பழைய நைலான் காலுறையை விரலில் சுற்றி விளிம்பின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். நூல் மாட்டும் இடமெல்லாம் எழும்பிய இழை இருக்கும் இடம். மரத்தை எவ்வளவு தேய்த்தாலும், தேய்க்கும்போது அமுங்கிய இழைகள் காற்றின் ஈரம் பட்டதும் மறுபடி எழும்பிவிடும். பட்டறையில் வழவழவென்று இருந்த அலகு, ஒரு வாரம் பனியில் கிடந்தபின் சொரசொரப்பாவது இதனால்தான். ஆகவே அவற்றை நாமே முன்கூட்டி எழுப்பிவிட வேண்டும். நனைத்துப் பிழிந்த துணியால் அலகைத் துடைத்து, முழுவதும் காயவிட்டு, 400 எண் தாளால் எழும்பிய இழையை மட்டும் வருடி எடுங்கள். இன்னொரு முறை நனைத்துக் காயவிட்டு 600 எண்ணிலும், பின்னர் 1000 எண்ணிலும் இதையே செய்யுங்கள். அதன்பின் எவர்சில்வர் கரண்டியின் முதுகாலோ வழவழப்பான எலும்புத் துண்டாலோ, விளிம்பின் இரு பக்கச் சரிவையும் அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். விளிம்பில் உள்ள இழைகளை இது நெருக்கி இறுக்குகிறது. இந்த ஒரு வேலையைச் செய்த அலகுக்கும் செய்யாத அலகுக்கும் உள்ள வேறுபாடு, கிராஃப்ட் உறையில் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்கு இருக்கும்.

மூன்றாவது காரணம் திருத்த முடியாதது. அடுத்த துண்டை எடுக்கும்போது தவிர்க்கத்தான் முடியும். மர இழை விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். விளிம்பை நோக்கிச் சாய்ந்து ஓடினால், ஒவ்வொரு இழையும் விளிம்பில் வந்து முடியும். முடிகிற இடமெல்லாம் ஒரு சிறு பல்லாகும். இப்படிப்பட்ட அலகு ஒரு திசையில் இழுத்தால் சுமாராக வெட்டும், எதிர்த் திசையில் இழுத்தால் தாளைப் பிய்க்கும். அதைக் கொண்டே இதை அடையாளம் காணலாம். வாளால் அறுத்த துண்டைவிடப் பிளந்து எடுத்த துண்டு மேலானது, ஏனெனில் பிளவு எப்போதும் இழையோடுதான் போகும். தேயிலைக் கட்டை கோணல் மாணலாக வளர்வதால், அதில் பிளந்து எடுக்கும் நேர்த் துண்டு 15 சென்டிமீட்டர் கிடைப்பதே அரிது. கிடைத்தால் விடாதீர்கள், அந்த நுண்ணிழை மரத்தில் விளிம்பு நன்றாக நிற்கும். காப்பிக் கட்டையும் அப்படியே, ஆனால் உலரும்போது வெடிக்கும் குணம் அதற்கு அதிகம். சில்வர் ஓக் தேடாமலே கிடைக்கிறது, அதன் வரிகளும் அழகாக இருக்கின்றன என்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். பிடிக்கு அது போதும். அலகுக்கு அது மென்மையான மரம் என்பதே என் முடிவு. எவ்வளவு மெருகேற்றினாலும் சில மாதங்களில் விளிம்பு மழுங்கிவிடுகிறது. ஈட்டி மரம் அலகுக்குச் சிறந்தது. ஆனால் அதைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டில் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. ரசீது காட்ட முடியாத துண்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காமல் இருப்பதே நல்லது.

மூங்கிலில் இதே பிசிர் வந்தால், விளிம்பு எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். மூங்கில் சுவரின் வெளிப்புறத்தில்தான் இழைகள் நெருக்கமாக இருக்கின்றன. உட்புறம் போகப் போக அவை அருகி, சோறு போன்ற மென்பகுதி மிகுதியாகிறது. விளிம்பு வெளித்தோலை ஒட்டி அமைய வேண்டும். சரிவை உட்பக்கத்திலிருந்து மட்டுமே சீவ வேண்டும். இரு பக்கமும் சமமாகச் சீவியவர்கள் விளிம்பை மென்பகுதிக்கு நடுவில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அதைத் தேய்த்துச் சரிசெய்ய இயலாது. தோல் பக்கம் வரும்வரை உட்புறத்தை மீண்டும் சீவி, அலகை ஒல்லியாக்கிக்கொள்ளுங்கள்.

ஓரம் நன்றாக வருகிறது, ஆனால் இடையிடையே ஒரு கிழிசல்

விளிம்பில் எங்கோ ஒரு பல் விழுந்திருக்கிறது. கத்தியை ஒரே நிலையில் வைத்து மடிப்பில் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு, பல் உள்ள இடம் தாளைத் தொட்டால் வெட்டு முழுவதும் கெடும், தொடாவிட்டால் குறையே தெரியாது. இழுத்து இழுத்து வெட்டுகிறவருக்குக் கிழிசல் விட்டு விட்டு வரும். இதனால்தான் ஒருவர் நன்றாக வெட்டுகிறது என்று சொல்லும் கத்தியை இன்னொருவர் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறார்.

மார்க்கர் பேனாவால் விளிம்பு முழுவதும் மை தீட்டி, 600 எண் தாளில் மிக மெதுவாக ஒரே ஒரு முறை இழுங்கள். மை அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். பள்ளத்தின் அடிமட்டம் வரை விளிம்பு முழுவதையும் இறக்கி, பிறகு சரிவைப் புதிதாக அமைக்க வேண்டும். பல் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் என்றால், மர அலகில் அது பெரும்பாலும் ஒரு கணுவோ விரிசலோ இருந்த இடமாக இருக்கும். மறுபடியும் அங்கேயே உடையும்.

எஃகிலும் பித்தளையிலும் இதே குறிக்குப் பல் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சாணை பிடித்தபின் விளிம்பில் ஒட்டியிருக்கும் உலோகப் பிசிரும் தாளைக் கவ்வும். கட்டை விரலை அலகின் பக்கவாட்டில் வைத்து, விளிம்பை நோக்கி வெளியே தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிப் போய் மறுபக்கம் நெருடினால் பிசிர் நெருடுகிற பக்கத்தில் இருக்கிறது. பழைய தோல் வாரின் உட்புறத்தில், விளிம்புக்கு எதிர்த்திசையில், இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் அது உதிர்ந்துவிடும்.

வெட்டு மடிப்பை விட்டு விலகிப் போகிறது

விலகல் எப்போதும் ஒரே பக்கமாக இருக்கிறதா, இரு பக்கமும் மாறி மாறிப் போகிறதா என்று முதலில் பாருங்கள். கத்தியைத் திருப்பிப் பிடித்து வெட்டும்போது விலகலும் பக்கம் மாறினால், குறை கத்தியில் இருப்பது உறுதி.

ஒரே பக்கமாக விலகினால் சரிவுகள் சமமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் சரிவுள்ள உளி, மரத்தில் தட்டையான பக்கத்தை நோக்கியே போகும். உறையிலும் அதுவே நடக்கிறது. மூங்கில் அலகு ஒரு பக்கச் சரிவோடுதான் செய்யப்படுவதால் இந்தக் குணம் அதற்கு இயல்பானது. தட்டையான தோல் பக்கத்தில், விளிம்பை ஒட்டி அரை மில்லிமீட்டருக்கு மட்டும் 600 எண் தாளால் ஒரு நுண்சரிவைச் சேர்த்தால் விலகல் பெரும்பாலும் நின்றுவிடும். அதற்கு மேல் சேர்த்தால் தோல் தேய்ந்து மென்பகுதி வெளியே வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். மரத்திலும் உலோகத்திலும் சரிவைத் திருத்துவதற்கு முன் அலகு வளைந்திருக்கிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் வளைந்த அலகும் இதே குறியைக் காட்டும். நேர்க்கோலைப் பக்கவாட்டில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வளைவு தெரிந்துவிடும்.

விலகல் இரு பக்கமும் மாறி மாறி வந்தால், நம்பக் கடினமாக இருந்தாலும், விளிம்பு தேவைக்கு மேல் கூர்மையாக இருக்கிறது என்றே பொருள். மிகக் கூரான விளிம்புக்கு மடிப்பு எது, வெறுந்தாள் எது என்ற வேறுபாடு இல்லை. கை போன பக்கமெல்லாம் அது வெட்டும். ஓரளவு மழுங்கிய விளிம்புக்கு மடிப்பே மிக எளிய வழி என்பதால், அது தானாகவே மடிப்போடு போகிறது. கவாத்துக் கத்தியின் எஃகில் செய்தவற்றை, பழக்க தோஷத்தால் கவாத்துக் கத்தியைப் போலவே தீட்டிவிடுகிறவர்கள் இந்தக் கோளாறில் மாட்டிக்கொள்கிறார்கள். 1000 எண் தாளின் மேல் விளிம்பைச் செங்குத்தாக நிறுத்தி, எடையே கொடுக்காமல் இரண்டு முறை இழுங்கள். பின்னர் தோல் வாரில் மெருகேற்றுங்கள். விரலில் தடவினால் வழுக்க வேண்டும், கிழிக்கக் கூடாது.

உள்ளே இருக்கும் கடிதமும் வெட்டுப்படுகிறது, அல்லது முனை உள்ளேயே நுழைய மறுக்கிறது

எதிரெதிரான இந்த இரண்டு குறைகளுக்கும் இடம் ஒன்றே: முனை. உறையின் மூடி ஒட்டப்பட்ட மூலையில் பசை படாத சிறு இடைவெளி இருக்கும். முனை அதற்குள் நுழைய வேண்டும், ஆனால் நுழைந்தபின் உள்ளே இருப்பதைக் குத்தக் கூடாது. அலகின் நடுவில் ஈட்டிபோல் முடியும் முனை பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது, கடைகளிலும் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். வேலைக்கு அது ஏற்றதன்று. அந்த முனை மடிப்பிலிருந்து விலகிக் கடிதத்தின் பக்கமாக நிற்கிறது. விளிம்பு கடைசி வரை நேராகப் போக, முதுகு மட்டும் வளைந்து இறங்கி அதைச் சந்திக்கும்படி அமைத்தால், முனை மடிப்பின் அடியிலேயே வழுக்கிச் செல்லும்.

முனையின் தடிமன் 1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலான உறைகளில் நுழையும். மேலிருந்து பார்க்கும்போது அது கூர்முனையாக இல்லாமல், பென்சில் கோட்டின் முனைபோல் சற்றே உருண்டிருக்க வேண்டும். முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை விளிம்பையும் வேண்டுமென்றே மழுக்கி விடுங்கள். நுழைவதற்குத் தேவையானது மெலிவுதான், கூர்மை தேவையில்லை. இதைச் சோதிக்க இன்லண்ட் லெட்டரைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது: எழுத்து மடிப்பின் ஓரம் வரை ஓடியிருக்கும், உறையும் கடிதமும் ஒரே தாள், முனை அரை அங்குலம் தடுமாறினாலும் ஒரு வரி போய்விடும். அஞ்சலகத்தில் வாங்கிய ஒன்றை ஓரம் வரை எழுதி, ஒட்டி, மூன்று பக்கமும் பிரித்துப் பாருங்கள்.

பாதியில் சிக்கி நிற்கிறது, தாள் முன்னால் சுருண்டு குவிகிறது

விளிம்பு சரியாகத்தான் இருக்கிறது. பின்னால் வரும் உடல் தடித்திருக்கிறது. மடிப்பு பிரிந்ததும் தாளின் இரு பக்கமும் அலகை உரசிக்கொண்டே போகின்றன. உடல் ஆப்புபோல் விரிந்தால் தாள் வழிவிடாமல் சுருள்கிறது. விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே வெர்னியர் அளவியால் தடிமனை அளந்து பாருங்கள். மரத்தில் அங்கே 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், விளிம்பைத் தொடாமல் பக்கங்களை மட்டும் தட்டையாகத் தேய்த்து இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் விளிம்பையே தீட்டிக்கொண்டிருந்தால் அலகின் அகலம் குறைந்து, விளிம்பு தடித்த முதுகுப் பக்கம் ஏறிக்கொண்டே போகும். பல ஆண்டு பழகிய கத்திகளில் இந்தக் கோளாறு வருவது அதனால்தான்.

உடல் ஒடுக்கமாக இருந்தும் சிக்கினால் மேற்பூச்சைப் பாருங்கள். மலையில் இது தனிப் பாடம். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகுவது. குளிரிலும் மூடுபனியிலும் அது மிக மெதுவாகவே இறுகும். சமவெளியில் சில நாள்களில் காய்கிற பூச்சு, மார்கழியில் உதகையில் வாரக் கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். காய்ச்சிய எண்ணெயையே வாங்கி, துணியில் தொட்டு மிக மெல்லிய பூச்சாகப் பூசி, கால் மணி நேரம் கழித்து மீதியைத் துடைத்தெடுத்து, அடுப்பங்கரை போன்ற வெதுவெதுப்பான இடத்தில் தொங்கவிடுங்கள். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிட வேண்டாம்; அந்த எண்ணெய் இறுகும்போது உண்டாகும் சூட்டில் சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவைத்தோ நீரில் முக்கியோதான் அப்புறப்படுத்த வேண்டும். அரக்குப் பாலிஷ் சீக்கிரம் காயும். ஆனால் மழை நாளில் பூசினால் ஈரத்தை வாங்கி வெள்ளை பூத்துவிடும். காலையில் பனி விலகி வெயில் விழுந்தபின் பூசுவது ஒன்றே வழி. எல்லாவற்றையும்விட எளிது தேன் மெழுகு, கோத்தகிரிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மெல்லத் தேய்த்து, துணியால் சூடேறும்வரை துடைத்துவிட்டால் போதும். தடிப்பாக விட்டால் அதுவும் ஒட்டும்.

புதிதாக இருந்தபோது நன்றாக வெட்டி, சில மாதங்களில் சிக்கத் தொடங்கிய கத்தியில், உறைகளின் பசைதான் படிந்திருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்.

தாளின் ஓரத்தில் கறையோ கருங்கோடோ விழுகிறது

மர அலகில் எண்ணெய்க் கறை விழுந்தால், யாரோ அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் ஒருபோதும் இறுகுவதில்லை. 24 டிகிரிக்குக் கீழே உறைவதை, மலையில் காய்ந்துவிட்டது என்று எண்ணி ஏமாறுகிறார்கள். கைச்சூடு பட்டதும் அது இளகித் தாளில் ஊறும். எண்ணெயை இழுக்கும் தாளில் சுற்றி வெயிலில் வைத்து, தாளை மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பகுதி வெளியே வரும். பிறகு மெழுகு பூசலாம்.

பித்தளையில் கருங்கோடு விழுவதற்குக் காரணம், மெருகேற்றப் பூசிய பசையின் மிச்சமோ களிம்பின் தொடக்கமோதான். புளியைக் கரைத்துத் தேய்த்து, சோப்பு நீரில் இருமுறை அலசி, துளி ஈரமில்லாமல் துடைத்து, மெழுகு பூசுங்கள். புளியின் புளிப்பு மிச்சமிருந்தால் மறுநாளே மீண்டும் கறுக்கும் என்பது பாத்திரம் துலக்கிய எல்லோருக்கும் தெரிந்ததே.

பித்தளை விளிம்பு சீக்கிரம் மடிந்துபோகிறது

கடையில் கிடைக்கும் தகடு பெரும்பாலும் இளக்கியதாக இருக்கும். அதில் நேரடியாக விளிம்பு எடுத்தால் மடியத்தான் செய்யும். பித்தளை நெருப்பால் கடினமாவதில்லை, அடியால்தான் கடினமாகிறது. அலகை வெட்டி எடுத்ததும், விளிம்பு வரப்போகும் பகுதியை, மெருகேற்றிய பட்டறைக்கல்லின் மேல் வைத்து, வழவழப்பான சுத்தியலால் நெருக்கமாகவும் சமமாகவும் தட்டிக்கொண்டே வந்தால் அது மெலியவும் செய்யும், இறுகவும் செய்யும். அதன்பிறகே அரம் போட வேண்டும். தட்டும்போது அலகு அரிவாள்போல் முதுகுப் பக்கம் வளையும். விளிம்புப் பகுதி நீள்வதால் அப்படி ஆகிறது. முதுகையும் சற்றுத் தட்டி நேராக்கிக்கொள்ளலாம்.

விளிம்பில் மயிர்போன்ற வெடிப்புகள் தோன்றினால் தட்டியது அதிகம். மங்கலான சிவப்பு நிறம் வரும்வரை சூடேற்றி இளக்கி, மீண்டும் தொடங்க வேண்டும். எஃகைப்போல் அல்லாமல், பித்தளையைச் சூட்டோடு நீரில் போட்டாலும் அது இளகியே இருக்கும். எஃகு அலகு மடிந்தால், சாணைச் சக்கரத்தில் அது நீலம் பாய்ந்ததா என்று நினைத்துப் பாருங்கள். சூடேறும் எஃகின் மேற்பரப்பில் வைக்கோல் நிறம் சுமார் 220 டிகிரியில் வரும், நீலம் சுமார் 300 டிகிரியில் வரும். நீலம் பாய்ந்த இடம் அந்த அளவுக்குக் கடினத்தை இழந்திருக்கும். தாளைப் பிரிக்கும் வேலைக்கு இது பெரிய நட்டமில்லை என்பதால், அதற்காக அலகை ஒதுக்கிவிட வேண்டாம்.

மழை முடிந்ததும் அலகு முறுக்கிக்கொண்டது, பிடி ஆடுகிறது

உலராத மரம். கற்பூர மரத்தில் (யூகலிப்டஸ்) செய்ததென்றால், உலர்ந்திருந்தும் முறுக்கியிருக்கலாம். அதன் இழையே சுற்றிச் சுற்றி வளர்வது, அதை அலகுக்கு எடுக்காதீர்கள். மற்ற மரங்களில் துண்டைத் தேவைக்குமேல் தடிப்பாகச் சீவி, நிழலில் சில மாதங்கள் அடுக்கி வைத்து, எடை குறைவது நின்றபின் இறுதி வடிவம் கொடுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து, எடையைத் துண்டின் மேலேயே பென்சிலால் எழுதிவந்தால் ஊகத்துக்கு இடமிருக்காது. மேற்பூச்சை இரு பக்கமும் சமமாகப் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசிய அலகு, பூசாத பக்கம் ஈரம் குடிப்பதால் வளையும். கோத்தகிரியில் உலர்ந்த மரம் கோடையில் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ போனால் இன்னும் சுருங்கும். பிடி ஆடுவது பெரும்பாலும் அங்கே போனபின்தான். ஆணியை மட்டும் நம்பாமல் எபாக்சிப் பசையும் சேர்த்து ஒட்டுங்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எபாக்சி இறுக ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் எடுக்கும் என்பதால், டப்பாவில் அச்சிட்ட நேரத்தை மலையில் அப்படியே நம்பக் கூடாது.

மூங்கிலில் வெள்ளை மாவு உதிர்ந்தால் உளுப் பூச்சி. அந்தத் துண்டை எரித்துவிடுங்கள். அடுத்த முறை, சீவிய பட்டைகளைப் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் கொதிக்கவைத்து உலர்த்துங்கள். உதகை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடுவதால், சமவெளிக் கணக்கைவிடக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

கூரியர் பையை வெட்டவில்லை

வெட்டாது. அந்தப் பிளாஸ்டிக் மடிப்பில் நொந்த இழை எதுவும் இல்லை. இழுத்தால் நீளும், நீண்டபின் விளிம்பைச் சுற்றிக்கொள்ளும். துணி ஒட்டிய அலுவலக உறைகளும் ஏறத்தாழ இப்படித்தான். அவற்றுக்குப் பிளவுக்குள் பிளேடு பதித்த கொக்கிக் கருவி வேண்டும். அதையும் இதே அலகின் முதுகில் அமைத்துக் கொடுக்கும்படி கேட்பவர்கள் உண்டு. உறைக்குள் நுழையும் முதுகில் பிளேடு இருந்தால் கடிதத்துக்குத்தான் ஆபத்து என்பதைச் சொல்லி, இரண்டையும் தனித்தனியாகவே செய்து கொடுங்கள்.